ஃபுவென்ஹிரோலாவில் கூலிக்கு ஆடியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயினின் கடற்கரை ஊரான ஃபுவென்ஹிரோலாவில் நடக்கும் பன்னாட்டுத் திருவிழாவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். வேடம் போட்டுக்கொண்டு கூலிக்கு ஆடுகிறார்கள், சுற்றுலா வந்தவர்கள் பீரைக் குடித்தபடி வேடிக்கை பார்க்கிறார்கள் என்று அதில் ஒரு வரி. இருபத்தாறு வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

நான் அந்த விழாவுக்குப் போயிருக்கிறேன். என் மகள் பக்கத்து நகரமான மாலகாவில் வேலை பார்க்கிறாள். போன வருடம் மூன்று மாதம் அவளோடு இருந்தேன். எதிர்வீட்டில் படுக்கையோடு இருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ள பராகுவே நாட்டிலிருந்து வந்த பெண் ஒருவர் இருக்கிறார். ஐம்பதை நெருங்கும் வயது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. மார்ச் மாதத்திலிருந்து அந்த ஞாயிறுகளையும் விழா ஆட்டத்துக்கான ஒத்திகைக்கே கொடுத்துவிட்டார். தலையில் பாட்டிலை நிறுத்தி ஆடும் ஆட்டம் அவர்கள் நாட்டில் உண்டு. தேர்ந்தவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு ஆடுவார்கள். காலிப் பாட்டிலோடு அவர் மாடிப்படியில் இறங்கி வந்ததைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் கரகம்தான் நினைவுக்கு வந்தது. செல்போனில் கரகாட்டத்தைக் காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் பாவாடைக்கான துணி சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. ஓரத்தில் வைத்துத் தைத்த பின்னல் வேலை, அவர் அம்மா ஊரிலிருந்து அனுப்பியது. ஞாண்டுதி என்கிறார்கள். அவர்கள் நாட்டுக் குவாரனி மொழியில் சிலந்தி வலை என்று பொருளாம். இவரா கூலிக்கு ஆடியவர்?

விழா ஏப்ரல் கடைசியில், மே 1 விடுமுறையை ஒட்டி நடக்கிறது. மாலகாவிலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் டோரெமோலினோஸ் வழியாகக் கடைசி நிறுத்தம் ஃபுவென்ஹிரோலா. நுழைவுச் சீட்டு கிடையாது. அக்டோபரில் ஊர் மாதா திருவிழா நடக்கிற அதே மைதானத்தில் நாட்டுக்கொரு கொட்டகை. அந்த ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர். ஃபின்லாந்துக்காரர்கள் மட்டும் எத்தனை ஆயிரம், லோஸ் பாகோஸ் பகுதியில் அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இருக்கிறது. பராகுவே கொட்டகையில் நான் பார்த்த முகங்கள், வருடம் முழுக்க அந்தப் பக்கத்து வீடுகளைப் பெருக்கி, ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்து, வயதானவர்களைத் தூக்கி உட்காரவைக்கிற முகங்கள். அந்த நாலைந்து நாள்தான் அவர்கள் தங்கள் நாட்டுப் பெயரைத் தலைக்கு மேல் எழுதி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கட்டுரையாளர் அங்கே இரண்டு மணி நேரம் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஒருவரிடமாவது பேசியிருக்கலாம்.

சரி, இது ஒரு கட்டுரையோடு போகிற விஷயமா? கரகாட்டக் கலைஞர்களைப் பற்றி ஒரு பொங்கல் மலரில் நீங்கள் போட்ட கட்டுரையிலும் இதே 'கூலிக்கு ஆடுகிறவர்கள்' வந்தது. அன்றைக்கே எழுதினேன், பிரசுரமாகவில்லை. ஸ்பெயின் என்றால் காளைச் சண்டை, தக்காளி எறிதல், விசிறி பிடித்த பெண் படம். இந்த முறையும் விசிறிதான். ஊர்ப் பெயரைக்கூட மூன்று இடத்தில் மூன்று விதமாக அச்சடித்திருக்கிறீர்கள்.

அப்புறம், குன்றின்மேல் இருக்கும் சொஹைல் கோட்டையை 'ஒரு பழைய கோட்டை' என்று கட்டுரையாளர் கடந்துவிட்டார். பத்தாம் நூற்றாண்டில், அந்தப் பகுதியை ஆண்ட முஸ்லிம் மன்னர் மூன்றாம் அப்துல் ரஹ்மான் காலத்தில் எழுந்தது. அதன் பெயரிலேயே ஒரு நட்சத்திரம் இருக்கிறது. சுஹைல் என்று அரபியர் சொல்வது எந்த நட்சத்திரத்தை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நாம் அகத்தியர் நட்சத்திரம் என்கிறோமே, அதேதான். நம் ஊரில் தென்வானில் நன்றாகவே தெரியும். அங்கே கடல் விளிம்பை ஒட்டிக் கொஞ்ச நேரம்தான் தலைகாட்டும். தமிழ்ப் பத்திரிகையில் எழுதுகிறவர் இதை விட்டுவிடலாமா? எனக்கு மனது ஆறவில்லை.

இதழ் வந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். எங்கள் விழாவைப் பற்றி உங்கள் நாட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அந்தப் பராகுவே பெண் ஆசையாகக் கேட்டாராம். மகள் படித்துச் சொல்லாமல் மழுப்பிவிட்டாள். அவரிடம் நான் எந்த முகத்தோடு பேசுவேன், சொல்லுங்கள்.

அடுத்த இதழில் நாலு வரி போடுங்கள், போதும். ஆடியவர்கள் அந்த ஊரில் வாழ்கிறவர்கள் என்றும், ஊரின் பெயர் ஃபுவென்ஹிரோலா என்றும் இருக்கட்டும். அவர் சம்மதத்தோடு எடுத்த படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். இடமிருந்தால் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.