பானைத் தண்ணி பதில்ல பாதி விட்டுப்போச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் கேள்வி-பதில் பக்கத்துல மண்பானைத் தண்ணி ஏன் ஜில்லுனு இருக்குன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, மண்ணு சூட்ட இழுத்துக்கும்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. அப்படி இழுத்துக்கிட்டே இருந்தா சாயங்காலத்துக்குள்ள பானை கையில தொட முடியாம கொதிக்கணுமேங்க!

பானைச் சுவர்ல கண்ணுக்குத் தெரியாத பொடி ஓட்டைங்க நிறைய இருக்கு, அது வழியா தண்ணி கசிஞ்சு வெளிப்பக்கம் வந்து ஆவியாகுது, அதுக்கு வேண்டிய சூட்ட உள்ள இருக்குற தண்ணிகிட்டருந்தே எடுத்துக்குது, அவ்ளோதான் விஷயம். ஒரு கிராம் தண்ணி ஆவியாக கிட்டத்தட்ட 580 கலோரி வேணும். 10 லிட்டர் பானைல 100 மில்லி இப்படிப் போனாலே மிச்சம் இருக்கறது 5, 6 டிகிரி இறங்கணும் (வெளிய இருந்து சூடு வந்துக்கிட்டே இருக்கறதால நிஜத்துல கொஞ்சம் கம்மியாதான் இறங்கும்).

எங்க திருச்சில மே மாச வெயில்ல பானைத் தண்ணி சும்மா ஜில்லுனு இறங்கும், சென்னைல இருக்குற எங்க அக்கா இங்கருந்தே ஒரு பானை வாங்கிட்டுப் போயி வச்சுட்டு பானைக்காரர் ஏமாத்திட்டாருன்னு திட்டுது. அவரு என்ன பண்ணுவாரு பாவம், கடல்காத்துல ஏற்கனவே அவ்ளோ ஈரம் இருந்தா பானைத் தண்ணி எங்க போயி ஆவியாகும்? ஏர் கூலர் அங்க எடுபடாததும் இதனாலதான்.

இப்ப வழவழன்னு பெயிண்ட் அடிச்சு பூ வரைஞ்ச பானை வாங்கறாங்க, ஓட்டைய எல்லாம் அடைச்சுட்டா அப்புறம் எப்படி குளிரும். போர் தண்ணி ஊத்தறவங்க பானை வெளிப்பக்கம் வெள்ளையா உப்பு பூத்துரும், அதுவும் அடைப்புதான், தேங்கா நார் வச்சு நல்லா தேச்சா கொஞ்சம் சரியாகும். சோப்பு மட்டும் போட்டுராதீங்க, மண்ணு அதையும் குடிச்சிரும்.

நைஜீரியால முகமது பா அப்பான்னு ஒரு வாத்தியார், பெரிய பானைக்குள்ள சின்ன பானைய வச்சு நடுவுல ஈர மணல் போட்டு, கரண்ட் இல்லாத ஊருல காய்கறி வாடாம இருக்க வழி பண்ணினாரு, 2000ல அதுக்கு ரோலக்ஸ் விருது கொடுத்தாங்க. இதையெல்லாம் ரெண்டு வரி சேத்து எழுதியிருந்தா பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கு எவ்ளோ உபயோகமா இருந்திருக்கும்.

இன்னொண்ணு, ஐஸ் தண்ணி ஊத்தின எவர்சில்வர் டம்ளரும்தான் வேர்க்குது, ரெண்டும் ஒண்ணுன்னு அடுத்த வாரம் யாருக்காவது பதில் போட்டுராதீங்க. பானை வேர்வை உள்ளருந்து வர்றது, டம்ளர் வேர்வை காத்துல இருக்குற ஈரம் வந்து படியறது. அதனாலதான் டம்ளர் நல்லா வேர்க்குற ஊருல பானை சரியா குளிராது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி