அம்மாவின் காட்டுப் பூவரசு

பூமலைத் தாவரவியல் தோட்டத்துக்கு எங்களோடு வந்த புளோக் நண்பர்களுக்கும் தொண்டூழியர் அக்காவுக்கும்,

வணக்கம். அம்மா கோத்தகிரியில் வளர்ந்தவர். இங்கே சிங்கப்பூருக்கு வந்து 40 வருடம் ஆகியும் காட்டுப் பூவரசை மறக்கவில்லை. நீலகிரிச் சோலைகளில் சிவப்பாகப் பூக்குமே, அந்த ரோடோடென்ட்ரான்தான். இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, "அந்தப் பூவை இன்னொரு தடவை பார்க்கணும்" என்பதே பேச்சு. பூமலைக்காவது போகலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன். ஆறு பேர் கிளம்பி வந்தீர்கள்.

அக்கா, பாதையோரத்து ஊதாப் பூவைக் காட்டி, "இதற்கு சிங்கப்பூர் ரோடோடென்ட்ரான் என்று பெயர், ஆனால் உறவே கிடையாது" என்று சிரித்தீர்கள். மலாயில் செண்டுடோக். பழத்தைத் தின்றால் வாய் கறுத்துவிடும். மெலஸ்டோமா என்ற அதன் தாவரவியல் பெயருக்கே கிரேக்கத்தில் 'கறுத்த வாய்' என்றுதான் பொருளாம். அம்மா இலை நரம்பைத் தடவிப் பார்த்து, "எங்க ஊர்ப் பூவரசுக்கு இப்படி இருக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடிமரத்திலேயே பூத்திருந்த நாகலிங்கத்தைப் பார்த்ததும் கைகூப்பினார். அது தென்னமெரிக்க மரம் என்று நீங்கள் சொன்னதை இன்றுவரை நம்பவில்லை. கோயில் மரமாச்சே!

மேட்டில் நாற்காலியைத் தள்ளிய இரண்டு தேசிய சேவைத் தம்பிகளே, உங்கள் முதுகு சரியாகிவிட்டதா?

அசல் ரோடோடென்ட்ரானுக்குக் குளிர் வேண்டும், கரையோரப் பூந்தோட்டங்களில் உள்ள குளிர்க் கண்ணாடிக் கூடமான மேகக் காட்டுக்குப் போங்கள் என்று வழி சொன்னதும் அக்காதான். மறு ஞாயிறே நான்காம் மாடி அண்ணன் தன் காரில் அங்கே கூட்டிப்போனார். டிக்கெட் காசைக் கடைசிவரை வாங்கவில்லை. கண்ணாடிக் கூடத்துக்குள் 35 மீட்டர் உயரச் செயற்கை மலை, மின்தூக்கி இருந்ததால் நாற்காலியோடு உச்சிவரை போக முடிந்தது. அங்கேதான் வைரேயா பூத்திருந்தது. தென்கிழக்காசிய மலைகளின் ரோடோடென்ட்ரான் வகை அது. காட்டுப் பூவரசு போல மரமாக வளராமல் செடியாக, ஆரஞ்சு நிறத்தில் நின்றது. அம்மா வெகுநேரம் பார்த்தார். "அண்ணன் இல்லை. தம்பி முறை வரும்" என்றார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை கோத்தகிரிக் கதைதான். நான் கேட்டிராத கதைகள்.

கடைசியாக ஒன்று. பூமலையில் மழை பிடித்தபோது, அம்மா தலைக்குமேல் குடையை விரித்துக் கொடுத்துவிட்டு, தான் நனைந்தபடியே போன சீன ஆன்ட்டி யாரென்று யாருக்காவது தெரியுமா? நீலக் கட்டம் போட்ட குடை, எங்கள் வீட்டு வாசலில்தான் தொங்குகிறது.