குழாய்க்கிணறும் உன்ர டென்மார்க் பள்ளத்தாக்கும்

மச்சான்,

சுகமா இருக்கிறியே? இஞ்ச எல்லாரும் சுகம், மழைதான் ஏமாத்திப்போட்டுது, இரணைமடுக் குளத்தில தண்ணி காணாதெண்டு சிறுபோகத்துக்கு ஏக்கரைக் குறைச்சுப்போட்டாங்கள்.

டென்மார்க்கில நிலத்துக்கு அடியில புதைஞ்சு கிடக்கிற பள்ளத்தாக்கில தண்ணி தேடுறதைப் பற்றி நீ போன்ல சொன்னது இன்னும் மண்டைக்குள்ள சுத்துது. ஐஸ் காலத்தில பனிப்பாறைக்கு அடியில ஓடின தண்ணி நிலத்தை அறுத்து, பிறகு மணலும் சரளையும் களியும் நிரம்பி மூடுப்பட்டு, இண்டைக்கு மேல நிண்டு பாத்தா வெறும் வயல், கீழ சில இடத்தில 300 மீற்றருக்கும் மேல ஆழமெண்டு. ஹெலியில பெரிய வளையத்தைத் தொங்கவிட்டு கரண்டைக் குடுத்துச் சடாரெண்டு நிப்பாட்ட, நிலம் திருப்பித் தாற சிக்னலைப் பிடிக்கிறாங்களாம், களி கரண்டை நல்லாக் கடத்தும் மணல் அவ்வளவு கடத்தாது, அதை வச்சுத்தான் கீழ எங்க என்ன கிடக்கெண்டு படம் கீறுறதாம். (இஞ்ச ஹெலி அப்பிடிப் பதிஞ்சு பறந்தா பாதிச் சனம் பங்கர் தேடும்.) பள்ளத்தாக்கெண்டாத் தண்ணி எண்டில்லை, களி நிரம்பினதும் கிடக்கு, மேல மூடியிருந்த களியை அறுத்த இடத்தால தோட்டத்துப் பசளையின்ர நைத்திரேற்று கீழ தண்ணிக்குள்ள இறங்கும் எண்டும் சொன்னாய், அதுதான் எனக்குப் பிடிச்சது.

எங்களிட்ட பனிப்பாறை எங்க? முருங்கன் பக்கம் சுண்ணாம்புக்கல்லு, வவுனியாப் பக்கம் பழைய கருங்கல்லு, மேல உக்கின கல்லு கொஞ்சம், கீழ வெடிப்புக்குள்ள தண்ணி இருந்தா இருக்கு. அக்காவின்ர மகன் நெடுங்கேணியில குழாய்க்கிணறு அடிச்சவன். தண்ணி பாக்கிறவர் உள்ளங்கையில தேங்காயை வச்சு நடந்து, அது நிமிர்ந்த இடத்தைக் காட்டினார். நான் பக்கத்தில நிண்டனான், முதல் சிவப்பு மண், பிறகு மைக்கா மினுங்கிற நொறுங்கல், பிறகு சாம்பல் தூள், தூள், தூள், தண்ணி இல்லை. பக்கத்து வளவில தண்ணி பாயுது! எத்தினை அடியில எது வந்ததெண்டு ஒருத்தரும் எழுதேல்லை, மிசின்காரர் அடிக்கணக்குக்குக் காசை வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டாங்கள்.

உங்க கிணறு அடிக்கிறவன் மண் விபரம் குடுக்கவேணும், ஆரும் பாக்கலாம் எண்டாய். ஹெலி கிடக்கட்டும், எங்களுக்கு முதல்ல அந்த மண் விபரம் எழுதுற கொப்பிதான் வேணும். நிலத்தில நாலு கம்பியை அடிச்சு கரண்ட் விட்டுப் பாக்கிற மிசின் இஞ்சையும் இருக்கு, ஆனா அது சொல்லுறதை ஒத்துப் பாக்க அடிச்ச கிணறுகளின்ர கணக்கு வேணுமே, வறண்டதின்ரையும் சேத்து.

உங்க கிணறு அடிக்கிறவன் மண் விபரம் நிரப்பிற படிவம் ஒண்டை வைபரில அனுப்பு, டெனிஷ் எண்டாலும் பரவாயில்லை, பக்கத்தில தமிழில எழுதிவிடு. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில காட்டப்போறன். அம்மாக்கு கண் ஒபரேசன் நல்லபடி முடிஞ்சுது, உன்னை விசாரிச்சவ.