எங்களை யாரும் ஏவிவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் நடக்கும் கருக்கலைப்புச் சண்டை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தீர்ப்பு, சட்டம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கருக்கலைப்பை எதிர்க்கும் பள்ளி மாணவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் "சர்ச்சுகள் ஏவிவிட்ட பிள்ளைகள்" என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. ஒஹாயோ மாநிலத்தில் ஹைஸ்கூல் படித்தபோது இரண்டு வருஷம் புரோ-லைஃப் கிளப்பை, அதாவது கருக்கலைப்பை எதிர்க்கும் மாணவர்களின் கிளப்பை, நடத்தினேன். எங்கள் வீட்டில் யாரும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இல்லை, சாமி படத்தில் இருப்பது முருகன்.

என்னை ஏவிவிட்டது யாராவது உண்டென்றால் என் அப்பத்தாதான், அவருக்கே அது தெரியாது. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர், 12 வயது வரை அங்கேதான் வளர்ந்தேன். ஓடைக்கரையில் ஒரு கள்ளி வேலி உண்டு. அதைத் தாண்டும்போதெல்லாம் அப்பத்தா என் கையை இறுக்கிப் பிடிப்பார், பேச்சும் நின்றுவிடும். ஒரு நாள் ஏன் என்று கேட்டதற்கு, "உனக்கு இன்னொரு அத்தை இருந்திருப்பா" என்று மட்டும் சொன்னார். கள்ளிப்பால் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. யார் கொடுத்தார்கள் என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை.

பிறந்த குழந்தையும் கருவும் ஒன்றா என்று கேட்பீர்கள். எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் ஒரு உயிரைப் பார்த்து "இது நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுகிற அந்த இடம் எனக்கு இரண்டிலும் ஒன்றாகத்தான் தெரிகிறது. இன்றும் அப்படித்தான்.

2022 ஜூன் 24-ல் சுப்ரீம் கோர்ட் கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய 1973-ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பை ரத்து செய்தபோது நான் பத்தாவது முடித்திருந்தேன். பள்ளி திறந்ததும் கிளப் தொடங்க விண்ணப்பம் கொடுத்தேன். சர்ச்சைக்குரிய விஷயம், இப்போது வேண்டாமே என்று திருப்பித் தந்தார்கள். மூன்று வாரம் அலைந்த பிறகுதான் 1984-ல் வந்த ஈக்வல் ஆக்சஸ் சட்டம் கண்ணில் பட்டது. மத்திய அரசுப் பணம் வாங்கும் ஒரு அரசு ஹைஸ்கூல், பாடத்தோடு சம்பந்தமில்லாத ஒரே ஒரு கிளப்புக்கு, செஸ் கிளப் என்றே வைத்துக்கொள்ளுங்களேன், இடம் கொடுத்துவிட்டால்கூட, மதமோ அரசியலோ பிடிக்கவில்லை என்று இன்னொரு கிளப்பை மறுக்கக் கூடாது. ஒமாஹா நகரப் பள்ளி ஒன்றின் வழக்கில் 1990-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அந்த வழக்கு பைபிள் படிக்க இடம் கேட்ட மாணவியுடையது. பிற்பாடு தன்பாலீர்ப்பு மாணவர்களின் கிளப்புகளும் இதே சட்டத்தைக் காட்டித்தான் இடம் வாங்கின. எல்லோருக்குமான கதவு அது, எனக்கும் திறந்தது. பொறுப்பாசிரியராகக் கையெழுத்துப் போட யாருமே முன்வரவில்லை. கடைசியில் கணக்கு வாத்தியார் போட்டார். கூட்டம் நடக்கும்போது தான் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் திருத்துவேன், எதுவும் பேச மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதல் வருஷம் நான் செய்தது பாதி தப்பு. கஃபெட்டீரியாவில் மேஜை போட்டு, சிதைந்த கருக்களின் படங்களை ஒட்டி வைத்தேன். நாலாவது நாள் என் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். கையில் சாப்பாட்டுத் தட்டு, தட்டு நடுங்கியதில் ஆப்பிள் உருண்டு கீழே விழுந்தது, அவள் குனிந்து எடுக்கக்கூட இல்லை. "என்னைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்று சாயங்காலமே படங்களை எடுத்துவிட்டேன். கிளப்பில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள், போகட்டும் என்று விட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

இன்னொருத்தியிடம் அப்பத்தாவின் கதையைச் சொன்னபோது, "உன் பாட்டிகிட்ட யாராவது கேட்டாங்களா? முடிவு அவங்க கையில் இல்லைங்கறதுதானே பிரச்சினை? நாங்களும் அதைத்தான் சொல்றோம்" என்றாள். நியாயமான கேள்வி. நான் என் பக்கத்தை விடவில்லை, ஆனால் அன்று என்னிடம் பதில் இல்லை. அதேபோல, 2022-ல் வல்லுறவுக்கு ஆளான ஒஹாயோவின் 10 வயதுச் சிறுமி கருக்கலைப்புக்காகப் பக்கத்து இந்தியானாவுக்குப் போக நேர்ந்ததே, அந்தக் குழந்தையைப் பெற்றுக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிளப்பிலேயே இதற்காகச் சண்டை போட்டோம். ஏவிவிட்ட பிள்ளைகளாக இருந்திருந்தால் எல்லோரும் ஒரே பதிலை ஒப்பித்திருப்போம்.

அடுத்த வருஷம் வேலையே மாறிவிட்டது. டயப்பர், பால் பவுடர், குழந்தைத் துணி சேகரித்து, பக்கத்தில் கர்ப்பிணிகளுக்கு உதவும் ஒரு மையத்தில் கொடுத்தோம். பிறந்த குழந்தைக்கான டயப்பரைத்தான் எல்லோரும் வாங்கித் தருவார்கள். ஆறு மாதம் ஆன குழந்தைக்கான அளவு கிடைக்கவே கிடைக்காது. அதை நான்தான் வீடு வீடாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

2023 நவம்பர் 7 அன்று கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்க ஒஹாயோ வாக்களித்தது, கிட்டத்தட்ட 57 சதவீதம் ஆதரவு. வேண்டாம் என்று கதவு கதவாகத் தட்டிப் பிரசாரம் செய்தவள் நான், 17 வயது என்பதால் ஓட்டு இல்லை. மறுநாள் காலையில் என் லாக்கரில் மஞ்சள் ஸ்டிக்கர் காகிதத்தில் 57 என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கழிப்பறையில் போய் அழுதேன். அப்புறம் மதியம் கணக்கு வாத்தியார் அறையில் அடுக்கி வைத்திருந்த 11 டயப்பர் பெட்டிகளை எண்ணிக் காரில் ஏற்றினோம். பெட்டி தூக்க வந்தவர்களில் அந்த ஆப்பிள் பெண்ணும் இருந்தாள். அவள் கட்சி மாறவில்லை, நானும் மாறவில்லை.

கட்டுரையாளர் இனி எங்களைப் பற்றி எழுதும்போது எங்களில் ஒருத்தரையாவது கூப்பிட்டுப் பேசட்டும். திட்டுவதாக இருந்தாலும் பேசிவிட்டுத் திட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி மாணவி,
கொலம்பஸ், ஒஹாயோ