கடலுக்குக் கிளம்பும் முன் வானிலை பார்ப்பது பற்றி

சொந்தங்களுக்கு வணக்கம். நேற்று ராத்திரி குழுவில் வந்த காற்று எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி இருந்த மேல் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. அது என்றைக்கு உள்ளது என்றே தெரியாமல், அதை நம்பி இரண்டு படகுக்காரர்கள் ஏற்றிய ஐஸை இறக்கி, கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். தேதியும் நேரமும் தெரியாத படத்தை இனி யாரும் பகிர வேண்டாம்.

காற்றுக்குச் சென்னை வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையை அவர்கள் தளத்திலேயே பாருங்கள். அலைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் தளத்தைப் பாருங்கள். அதில் அலை உயரம் 2 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று அர்த்தமில்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான் அது. நடுவில் ஒன்று மூன்றரை மீட்டருக்கும் எழும்பும். ஃபைபர் வள்ளத்தைக் கவிழ்க்க அந்த ஒன்று போதும். கள்ளக்கடல் (திடீரெனக் கரையில் ஏறும் பேரலை) எச்சரிக்கையும் அங்கேதான் வரும். தூரத்துத் தெற்குக் கடலில் கிளம்பிய அலை என்பதால் இங்கே காற்றே இருக்காது, வானமும் தெளிவாக இருக்கும். அதை வைத்து ஏமாறாதீர்கள்.

விண்டி (காற்றைக் காட்டும் செயலி) பார்ப்பவர்கள் வேகம் நாட் கணக்கிலா கிலோமீட்டர் கணக்கிலா என்று முதலில் கவனியுங்கள். 25 நாட் என்றால் மணிக்கு 46 கிலோமீட்டர்.

அப்புறம், தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த பலருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. கரையை விட்டு ரொம்ப தூரம் போனால் போன் சிக்னல் கிடையாது. படகில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோவில் ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனலை அணைக்காமல் வையுங்கள். பேட்டரியை இன்றைக்கே சார்ஜ் போடுங்கள்.