பால் லாரியை நிறுத்திவிட்டு உள்ளே போன பிரையன் ஜேக்ஸுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பிரையன் ஜேக்ஸ் அவர்களுக்கு,

பார்வையற்ற பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாலை கதை வாசிக்கிறேன். போன மாதம் ஒரு சிறுமி என்னை நடுவில் நிறுத்திவிட்டாள். "அவர்கள் ஒரு பெரிய கோட்டைக்குள் நுழைந்தார்கள்" என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவியிருந்தேன். "இருங்கண்ணா, உள்ள குளிரா இருந்துச்சா? நடந்தா எதிரொலி கேட்டுச்சா?" கேட்கும்போது அவள் கட்டைவிரல் பெஞ்சின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். 'பெரிய' என்ற ஒரு சொல்லைத் தவிர அந்தக் கோட்டையைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

அன்று இரவு உங்கள் நினைவு வந்தது. லிவர்பூலில் நீங்கள் பால் லாரி ஓட்டிய காலத்தில், பால் இறக்கும் இடங்களில் ஒன்று அங்கிருந்த பார்வையற்றோர் பள்ளி. தேநீர் குடிக்க உள்ளே அழைத்தார்கள். போனவர், பிள்ளைகளுக்கு வாசிக்கவும் ஆரம்பித்துவிட்டீர்கள். அங்கே கிடைத்த புத்தகங்கள் உங்களுக்குப் பிடிக்கவில்லை. குறை சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். நீங்களோ கையாலேயே சுமார் 800 பக்கம் எழுதி, ஒரு சூப்பர் மார்க்கெட் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அதுதான் 'ரெட்வால்': சுண்டெலி, அணில், மண்ணைத் தோண்டி வாழும் அகழெலி (mole) போன்ற பிராணிகள் ஒரு மடத்தில் வாழும் நாவல்.

எழுத்தாளராவதற்கு முன் நீங்கள் பார்த்த வேலைகளை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. துறைமுகப் பக்கத்தில் வளர்ந்து, 15 வயதில் பள்ளியை விட்டுக் கப்பலேறினீர்கள். பிறகு லாரி, பஸ், துறைமுகக் கூலி, போலீஸ் உடுப்பு, நாட்டுப்புறப் பாட்டுக் குழு. ஆனால் என் மனதை விட்டு அகலாதது அதற்கும் முந்தைய ஒன்று. பத்து வயதில், முதலையின் பல்லைச் சுத்தம் செய்யும் பறவையைப் பற்றி ஒரு கதை எழுதினீர்கள். இந்த வயதுப் பையன் எழுதியதாக இருக்காது என்றார் ஆசிரியர். நான்தான் எழுதினேன் என்று நீங்கள் உறுதியாக நின்றதற்குப் பிரம்படி கிடைத்தது. அந்த அடியோடு நின்றுபோயிருக்க வேண்டிய கை அது. சுமார் முப்பத்தைந்து ஆண்டு கழித்து, நண்பர் ஆலன் டர்பாண்ட் அதே கையின் எழுத்தைப் படித்துவிட்டு, உங்களிடம் சொல்லாமலே தன் பதிப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 1986இல் புத்தகம் வந்தது. அப்போது உங்களுக்கு 47 வயது. அந்த வரிசையில் மொத்தம் 22 நாவல்கள், உலகமெங்கும் 2 கோடிப் பிரதிகள்.

விற்பனைக் கணக்கைவிட எனக்கு முக்கியம் நீங்கள் கதையில் வைக்கும் விருந்துதான். யாருக்காக எழுதுகிறோம் என்பதை ஒரு வரியில்கூட நீங்கள் மறக்கவில்லை. சிவந்த கல்லில் எழும்பிய மடம், அதன் அடுக்களையில் வேகும் வாசனை, அகழெலிகள் ஆசையாகச் சாப்பிடும், கிழங்கும் பீட்ரூட்டும் வைத்துச் சுட்ட பண்டம் (pie), ஸ்ட்ராபெரி பானம் என்று எல்லாமே மூக்குக்கும் நாக்குக்கும் கிடைக்கின்றன. நீங்கள் 1939இல் பிறந்தவர். பிரிட்டனில் ரேஷன் முழுதாக முடிந்தது 1954இல். குழந்தைப் பருவம் முழுக்க அளந்து சாப்பிட்டவர், கதையில் அளக்காமல் பரிமாறுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அகழெலிகளுக்குத் தனியாக ஒரு கிராமத்துப் பேச்சு வேறு! அதை வாய்விட்டுப் படித்தால்தான் ருசி. கண் சரியாகத் தெரியாத அந்தப் பிராணியை மடத்தில் எல்லோருக்கும் செல்லமாக ஆக்கினீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

அடுத்த வாரமே 'ரெட்வால்' எடுத்துப்போனேன். ஆங்கிலத்தில் இருப்பதை வாயாலேயே தமிழாக்கிச் சொல்கிறேன். விருந்து வரும் பக்கத்தில் மூன்று பேர், "இன்னொரு தடவை" என்றார்கள். அந்தச் சிறுமி ஒன்றும் சொல்லவில்லை, மூச்சை மட்டும் இழுத்து விட்டாள்.

ஒரு விஷயத்தில் உங்களோடு எனக்கு வழக்கு உண்டு. எலி, நரி, கீரிபோல இருக்கும் வீசல் (weasel) எல்லாம் பெரும்பாலும் பிறப்பிலேயே கெட்டவர்கள், சுண்டெலியும் அணிலும் நல்லவர்கள் என்று ஏன் பிரித்தீர்கள்? ஒரு பையன் நேராகவே கேட்டுவிட்டான்: "எலியா பிறந்தா கெட்டவனாதான் இருக்கணுமா?" என்னிடம் பதில் இல்லை. இருக்க வேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் இருந்தால் இதை உங்களிடமே கேட்டிருப்பேன். 2011 பிப்ரவரி 5 அன்று போய்விட்டீர்கள். கடைசி நாவல் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது.

உங்கள் ஒலிப்புத்தகங்களில் நீங்களே கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரங்களாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த வேகம் எனக்கு வராது. ஆனாலும் வீட்டில் ஒத்திகை பார்க்கிறேன். வரும் வாரம், மடத்தில் 'ஜோசப்' என்று பேர் வைத்த மணி ஒலிக்கும் இடம். போன முறை கிளம்பும்போதே அந்தச் சிறுமி வாசலில் நின்று, இரும்புக் கதவைக் கையால் தட்டிக் கேட்டாள்: "மணி இப்படிச் சத்தம் போடுமா, இன்னும் கனமாவா?"

இன்னும் கனமாக, என்றேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்