பரசூட் டொக்டரின் கதை: பெற்றோருக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

திங்கட்கிழமை காலைக்கூட்டத்தில் நான் சொன்ன கதை வீடுகளுக்கும் வந்துவிட்டது போலும். "ஏன் சேர், பிள்ளைகளுக்கு ஆமிக்காரர் கதை?" என்று சிலர் தொலைபேசியில் கேட்டீர்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் விட்டால்தான் ஆச்சரியம். சரி, கதையை நீங்களும் கேளுங்கள்.

ஏ. ஜி. ரங்கராஜ் இந்திய இராணுவத்தில் மருத்துவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பரசூட்டில் குதித்த முதல் இந்தியப் படையினருள் ஒருவர். பிறகு கொரியப் போரில் 60ஆவது பரசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அந்தப் போருக்கு இந்தியா சண்டைப் படை அனுப்பவில்லை. அனுப்பியது இந்த மருத்துவப் பிரிவைத்தான்.

1950 டிசம்பரில் ஐ.நா. படைகள் வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கின. வாகனம் போதாது, சாமான்களை விட்டுவிட்டு வாருங்கள் என்று ரங்கராஜின் பிரிவுக்குச் சொல்லப்பட்டது. சத்திரசிகிச்சைக் கருவி இல்லாத மருத்துவப் பிரிவு எதற்கு உதவும்? கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி ரயிலைத் தேடிப் பிடித்தார்கள். எஞ்சினில் தண்ணீர் இல்லை. வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கைமாற்றி ஊற்றினார்கள். ரயில் ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தது நல்லகாலம். பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன் ஆற்றைக் கடந்து, சாமான்களோடு தெற்கே போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த மார்ச்சில் தென்கொரியாவின் முன்சானில் அமெரிக்கப் படையினரோடு பரசூட்டில் இறங்கி, களத்திலேயே காயக்காரருக்குச் சிகிச்சை செய்தார்கள். "குதிக்கும்போது மருந்துப் போத்தல் உடையாதா சேர்?" என்று தரம் 6 பிள்ளை ஒன்று கேட்டது. நல்ல கேள்வி. கனமான மருந்துச் சாமான்களைப் பொதிந்து தனிப் பரசூட்டில் போடுவார்கள்.

ரங்கராஜுக்கு இந்தியாவின் உயரிய போர்வீர விருதுகளில் ஒன்றான மகாவீர் சக்ரா கிடைத்தது. கூட்டத்தில் அதை வேண்டுமென்றே ஒரு வரியோடு விட்டேன். எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த வாளி வரிசைதான். எங்கள் காலத்துப் போரைப் பற்றிப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்பது உங்கள் விருப்பம். பள்ளிக்கூடம் அதில் தலையிடாது.

வெள்ளிக்கிழமை தரம் 9, 10 மாணவர்களை நிலாவெளி வீதியிலுள்ள உலகப்போர் மயானத்துக்குக் கூட்டிப்போகிறோம். 300க்கும் மேற்பட்ட கல்லறைகள் அங்கே உண்டு. கல்லில் வயது எழுதியிருந்தால் பிள்ளைகள் அதை வாசித்துக் குறித்துவர வேண்டும். பல கல்லறைகள் அவர்களுடைய அண்ணன்மார் வயதுக்காரருடையவை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்ட கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாய்தகப்பன் வாயால் கேட்டிருக்கக்கூடும். போவதற்கு முன் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

பஸ் காலை 8 மணிக்குப் புறப்படும். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம்; சாப்பாடு திரும்பி வந்த பிறகுதான். சம்மதக் கடிதம் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியர் கைக்கு வரவேண்டும். விரதம் இருக்கும் வீடுகள் பிள்ளையை மயானத்துக்கு அனுப்பாவிட்டால் குறை நினைக்கமாட்டோம், அவர்களுக்கு அன்று வழக்கம்போல வகுப்பு நடக்கும்.

இப்படிக்கு,
அதிபர்